கேப்பைக் கூழில் ஒரு சிட்டிகை

குதிகாலால் சுவரை இடித்தால் என்ன சத்தம் வரும் என்று உனக்குத் தெரியாது, அம்மா. தெரிந்திருக்க நியாயமில்லை. தொம், தொம் என்று வரும். பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் இருக்காது. பிறகு மறுபடி ஒரு தொம், இந்தத் தடவை மெதுவாக, தூங்குகிறவர்களை எழுப்புகிறோமே என்று வெட்கப்பட்டுக்கொண்டு இடிப்பது போல. அதைக் கேட்டு எத்தனையோ வருஷமாகிவிட்டது. நீ இப்போது கால் இழுத்துக்கொண்டு பஸ் சீட்டுக் கம்பியை உதைத்தாயே, அதைக் கேட்டதும் எனக்கு அந்தச் சுவர்தான் ஞாபகம் வந்தது.

காலைத் தொங்கப்போடாதே. என் பையை எடுத்துவிடுகிறேன், இப்படி நீட்டு. பாதத்தைப் பிடித்து விரல்களை உன் முகத்துப் பக்கமாக இழு. அந்தப் பக்கம் இல்லை, அந்தப் பக்கம் நீட்டினால் இன்னும் சுருட்டிக்கொள்ளும். மெதுவாக. அப்படித்தான். தொட்டுப் பார், கெண்டைச்சதை கல் மாதிரி இருக்கிறது. இளகிவிடும். பயப்படாதே.

மதுரையில் ஓட்டப்பந்தயமா? காலையில் ஓடி முடித்துவிட்டு அப்படியே பஸ் ஏறிவிட்டாயாக்கும். இந்தா, தண்ணீர் குடி. எச்சில் படுத்தியே குடி, பரவாயில்லை. ராத்திரியிலும் வருகிறது என்கிறாய். வரும். ஓடுகிறவர்கள், நடக்கிறவர்கள், நாளெல்லாம் நிற்கிறவர்கள், இவர்களைப் பகலில் விட்டுவிட்டுப் படுத்த பிறகுதான் வந்து பிடிக்கும். எங்கள் பக்கத்தில் அதற்குக் குரக்களி என்று பெயர்.

நான் சிங்கம்புணரியில் இறங்க வேண்டும். நீ திருப்பத்தூரா? அப்படியானால் இன்னும் நேரமிருக்கிறது. காலை மடக்கிவிடாதே, அப்படியே இருக்கட்டும். எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்கிறாய். என் நாத்தனார் பூரணத்தால் தெரியும். ஒரு கார்த்திகையிலிருந்து தைப்பூசம் வரைக்கும் அவளுடைய கால்தான் எங்கள் வீட்டின் பெரிய விஷயமாக இருந்தது.

அதற்கு முன்னால் என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நல்லமணி வாத்தியார் என்றால் எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாண வீட்டில் வாழ்த்துரை, பள்ளிக்கூட ஆண்டு விழா, கண்மாய்ப் பிரச்சினைக்குப் பஞ்சாயத்து, எங்கே மைக் இருந்ததோ அங்கே அவர். வீட்டில் மைக் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். நான் மதுரையில் காலேஜில் வேதியியல் படித்தவள். எனக்கும் சொல்ல ஏதாவது இருக்கும். ஆரம்பிப்பேன். வாக்கியத்தை அவர் முடித்து வைப்பார். என்னைவிட நன்றாகவே முடிப்பார், அதையும் சொல்லிவிட வேண்டும். கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

அந்த ஐப்பசியில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் பேச்சும் போயின. கால் கொஞ்சம் திரும்பியது. பேச்சு திரும்பவில்லை. எல்லாம் புரியும். பேப்பர் கொடுத்தால் படிப்பார். வாயைத் திறந்தால் காற்றுதான் வரும்.

வீடு அமைதியாகிவிட்டது. குழாய் சொட்டுவதற்கு ஒரு தாளம் இருக்கிறது என்பதெல்லாம் எனக்கு அப்போதுதான் தெரிந்தது. மத்தியானத்தில் கொல்லை முருங்கையில் அணில் ஓடினால் பட்டை உதிர்கிற சத்தம் வரும், கேட்டிருக்கிறாயா? நாற்பது வருஷம் அந்த வீட்டில் இருந்தும் நான் கேட்டதில்லை. சந்தோஷமாக இருந்தேன் என்று நினைத்துவிடாதே. அமைதி என்று சொன்னேன், அவ்வளவுதான்.

பேச்சுப் பயிற்சி என்று ஒன்று மதுரையில் இருந்தது. வாரம் தவறாமல் கூட்டிக்கொண்டு வாருங்கள், முதல் சில மாதம்தான் முக்கியம் என்றார்கள். ஒரு தடவை போனோம். அந்தப் பெண் பசு மாட்டுப் படத்தைக் காட்டி இது என்ன சார் என்றாள். பிறகு பாட்டாக இழுத்துச் சொல்லச் சொன்னாள். அவருக்கு அவமானமாகிவிட்டது, முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்புறம் காரில் அலைச்சல், மழை வேறு. அப்படியே தள்ளிப்போய்விட்டது. அதை விடு. நான் சொல்ல வந்தது உப்பைப் பற்றி.

பூரணம் அவருடைய தங்கை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அண்ணன்தான் வளர்த்தார், அண்ணன் வீட்டிலேயே இருந்துவிட்டாள். அங்கன்வாடி டீச்சர். தெருவில் போனால் பின்னாலேயே நாலு பிள்ளைகள் மூக்கை ஒழுகவிட்டுக்கொண்டு போகும். வருஷா வருஷம் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போவாள். நத்தம், திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் என்று அந்த ரோடு முழுக்க அவளுக்கு ஆள் பழக்கம். போகும்போது என்னைக் கேலி செய்வாள். "மதினி, நீங்க கெமிஸ்ட்ரி படிச்ச காலு, நடக்காது. உக்காந்து ஃபார்முலா எழுதுங்க" என்பாள்.

கார்த்திகை முதல் தேதி மாலை போட்டுக்கொண்டு வந்து அவருடைய நாற்காலிக்கு முன்னால் நின்றாள். நான் அடுப்படியில் ரசத்துக்கு உப்புப் போட்டுக்கொண்டிருந்தேன்.

"அண்ணே, நீ என்னையப் பேரு சொல்லிக் கூப்புடுற வரைக்கும் நான் உப்பு சேக்க மாட்டேன். பூசத்துக்கு நடந்து போயி முருகன்ட்ட நேரா கேட்டுட்டு வந்துர்றேன்."

அவர் அழுதார். பக்கவாதம் வந்தவர்களுக்கு அழுகை சீக்கிரம் வரும் என்பார்கள். ஆனால் அது அந்த அழுகை இல்லை.

அன்றிலிருந்து அவளுக்குத் தனிச் சமையல். நான்தான் சமைத்தேன். உப்பில்லாத குழம்பை அவள் முகம் மாறாமல் சாப்பிடுவதைப் பார்த்தால் எனக்கு வாய் கூசும். ராத்திரிக்கு மட்டும் கேப்பைக் கூழ், கருப்பட்டி போட்டு. அது ஒன்றுதான் வாயில் வைக்கிற மாதிரி இருந்தது.

அங்கன்வாடி விட்டு வந்ததும் பிரான்மலை ரோட்டில் நடக்கப் போய்விடுவாள். ஒவ்வொரு வருஷமும் போவதுதான். இந்த வருஷம் வேண்டுதல் பெரிசு என்று இன்னும் தூரம் நடந்தாள், இன்னும் வேகமாக. தண்ணீரும் குடிக்க மாட்டாள். ஏன் என்றால், "வழியில பொம்பள ஒதுங்க எடம் எங்க மதினி இருக்கு? ஆம்பளைங்களுக்கு ரோடெல்லாம் எடம்" என்பாள். வீட்டுக்கு வந்து குடிப்பாளா என்றால் அதுவும் இல்லை. ராத்திரி எழுந்து போனால் அண்ணன் தூக்கம் கெடுமாம். நாள் முழுக்க அந்த உடம்பு வற்றிக்கொண்டே இருந்தது. அது எனக்கு அப்போது தோன்றவில்லை. எனக்கு உப்பு மட்டும்தான் தோன்றியது. படித்தவள் இல்லையா.

ஒரு வாரம் போயிருக்கும். ராத்திரியில் சுவரில் அந்தத் தொம், தொம் சத்தம் வர ஆரம்பித்தது. நான் ஓடிப்போய்ப் பார்த்தால் பாயில் உருண்டுகொண்டிருக்கிறாள், வாயில் முந்தானையைக் கடித்துக்கொண்டு. கால் சுருண்டு பாதம் வளைந்து, விரல்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கின்றன. பிடித்து நீவினேன். அது விட்டுப்போன பிறகும் மறுநாள் முழுக்க நொண்டினாள். அதோடு மறுபடி நடக்கப் போனாள். மறுபடி ராத்திரி வந்தது.

வைத்தியம் எல்லாம் பார்த்தோம். எண்ணெய் தேய்த்தோம். பக்கத்து வீட்டு அன்னக்கிளி வந்து தலைமாட்டில் இரும்புச் சாவி வை என்றாள், வைத்தோம். நான் உப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுக்கலாம் என்றேன். பூரணம் யோசித்தாள். தோல் வழியாக உப்பு உள்ளே போகுமா என்று கேட்டாள். போகாது என்றேன். "ஒங்களுக்கு நிச்சயமாத் தெரியுமா? பரீட்சையில எழுதுற மாதிரி சொல்லாதீங்க" என்றாள். கடைசியில் ஆற்று மணலை வறுத்துக் கட்டினோம். வலிக்கு நடுவிலும் இரண்டு பேரும் சிரித்தோம். மணல் சுட்டுக் கொப்புளம் வந்ததுதான் மிச்சம்.

நான் எடுத்துச் சொன்னேன். உடம்பில் சோடியம் என்று ஒன்று இருக்கிறது, தசை சுருங்கவும் விரியவும் அது வேண்டும், வியர்வையில் போனதைத் திருப்பிக் கொடுக்காவிட்டால் இப்படித்தான் இழுக்கும் என்று. கொஞ்சமாவது சேர்த்துக்கொள், முருகன் கோபித்துக்கொள்ள மாட்டான் என்று. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். கோபமெல்லாம் இல்லை, விளையாட்டாகத்தான் கேட்டாள்.

"மதினி, அண்ணன் பேசுறது ஒங்களுக்கு வேணாமா?"

விளையாட்டாகத்தான். சிரித்துக்கொண்டேதான் கேட்டாள்.

நானும் சிரித்துக்கொண்டே, "கால் போச்சுன்னா எப்படிடி பழனிக்கு நடப்ப?" என்றேன். அது சரியான கேள்வி, இல்லையா? இன்றைக்கும் அது சரியான கேள்வி என்றுதான் நினைக்கிறேன்.

மறுநாள் சாயந்தரம் கூழில் ஒரு சிட்டிகை போட்டேன். கருப்பட்டி இனிப்பில் தெரியாது. பாயசத்துக்குக்கூட ஒரு கல் போடுவதுதானே. குடித்துவிட்டு, "இன்னைக்கிக் கூழு நல்லா இருக்கு மதினி" என்றாள். கருப்பட்டி உடன்குடிச் சரக்கு என்று சொன்னேன்.

எனக்குச் சாமி நம்பிக்கை அதிகம் கிடையாது. இருக்கிறவர்களைத் தடுக்கவும் மாட்டேன். உப்பு ஒரு பொருள், கால் ஒரு பொருள். அவளுடைய காலுக்காகத்தான் போட்டேன். அதை நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆனால் அவர் பார்த்துவிட்டார். அவருடைய நாற்காலி கூடத்தில் அடுப்படி வாசலைப் பார்த்தபடி இருக்கும். நான் உப்பு ஜாடியை மூடிவிட்டுத் திரும்புகிறேன், என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார். இடது கையால் நாற்காலிக் கையைத் தட்டினார். நான் கூழைக் கலக்கினேன். மறுபடி தட்டினார். பேசுகிற காலமாக இருந்தால் வீடு இரண்டுபட்டிருக்கும். இப்போது அவர் முகத்தில் கோபம்கூட இல்லை. நான் ஏதோ ஒரு வாக்கியத்தை ஆரம்பித்துவிட்டுப் பாதியில் நிறுத்தியது போலவும், இந்தத் தடவை நானே முடிக்கட்டும் என்று அவர் காத்திருப்பது போலவும் இருந்தது.

அடுத்த நாளிலிருந்து சாயந்தரம் அவருடைய நாற்காலியைத் தெருப்பக்கம் திருப்பிப் போட்டேன். காற்று வரும். மனுஷர்களைப் பார்த்த மாதிரியும் இருக்கும்.

இழுப்பு குறைந்தது. உண்மையாகவே குறைந்தது. வாரத்துக்கு ஒரு தடவை, அதுவும் லேசாக. நான் நினைத்தது சரி என்று எனக்கு ஒரு நிம்மதி. இருந்தாலும் அவ்வளவு தூரம் நடக்கப்போகிறவள், ஒருமுறை காட்டிவிடலாம் என்று எங்கள் ஊர் டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன்.

அந்த அம்மா காலை அமுக்கிப் பார்த்தாள், பாதத்தில் நாடி பார்த்தாள். என்ன மாத்திரை சாப்பிடுகிறாய் என்றாள். பூரணம் பையிலிருந்து பிரஷர் மாத்திரையை எடுத்து நீட்டினாள். அது நீர் பிரிகிற மாத்திரை. ஆவணியில்தான் வேறொரு டாக்டர் ஆரம்பித்து வைத்திருக்கிறார். தண்ணீர் குடிப்பாயா? இல்லை. நடையைத் திடீரென்று கூட்டினாயா? ஆமாம். குப்புறப் படுப்பாயா, கனமான போர்வையா? ஆமாம். அப்படிப் படுத்தால் ராத்திரி முழுக்கப் பாதம் நீண்டபடியே கிடக்குமாம், அதுவும் இழுக்குமாம். டாக்டரம்மா சிரித்துவிட்டாள். இவ்வளவையும் வைத்துக்கொண்டு இழுக்காமல் எப்படி இருக்கும் என்றாள். மாத்திரையை மாற்றினாள். நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் குடிக்கச் சொன்னாள். படுக்குமுன் சுவரைப் பார்த்து நின்று, இரண்டு கையையும் சுவரில் ஊன்றி, ஒரு காலைப் பின்னால் வைத்து, குதிகால் தரையை விட்டு எழும்பாமல் சாயச் சொன்னாள். கெண்டைச்சதை இழுபடும்வரை சாய்ந்து, கொஞ்சநேரம் அப்படியே நிற்க வேண்டும். நீயும் செய். ஓடி முடித்ததும் செய், படுக்குமுன்னாலும் செய். ஒரு கால் மட்டும் வீங்கினாலோ சிவந்து சுட்டாலோ அது வேறு விஷயம், உடனே போய்க் காட்டிவிடு.

கிளம்பும்போது நான் கேட்டேன். "உப்பில்லாம சாப்புடுறாங்க டாக்டர். அதனாலதானே வந்துச்சு?"

"அப்படிச் சொல்லிற முடியாதும்மா. பிரஷருக்கு உப்பைக் கொறைச்சது நல்லதுதான். பாதிப்பேருக்கு இது ஏன் வருதுன்னே எங்களுக்குத் தெரியாது" என்றாள்.

பூரணம் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள். பார்த்தீங்களா மதினி, கெமிஸ்ட்ரி தோத்துருச்சு என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள்.

அன்றைக்கே நிறுத்தியிருக்கலாமே என்பாய். டாக்டரே சொல்லிவிட்டாளே. சரிதான். ஆனால் நிறுத்தி, மறுபடி வந்துவிட்டால்? எதனால் குறைந்தது என்று யாருக்குத் தெரியும்? மாத்திரை மாறுவதற்கு முன்னாலேயே குறைந்துதானே இருந்தது. அதுவும் தவிர, கை பழகிவிட்டது. கூழைக் கிளறுவேன், கருப்பட்டியைத் தட்டிப் போடுவேன், கை தானாக ஜாடிக்குப் போகும். அவருடைய நாற்காலி தெருவைப் பார்த்திருக்கும். அவருடைய பின்னந்தலை மட்டும் தெரியும். நான் ஜாடி மூடியைச் சத்தம் வராமல்தான் மூடுவேன். ஆனாலும் அந்தத் தலை ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் திரும்பும்.

பூரணம் தினமும் சுவரைத் தள்ளினாள். "வீடு நகருதா பாருங்க மதினி. தைக்குள்ள தெக்குத் தெருவுக்குக் கொண்டுபோயிருவேன்" என்பாள். போர்வையைக் கால்மாட்டில் தளர்த்திவிட்டாள். நடக்கப் போகும்போது பாட்டிலில் தண்ணீர் எடுத்துப்போனாள். வழியில் ஒரு செங்கல் சூளைக்காரர் வீட்டில் பழக்கம் பிடித்து வைத்துக்கொண்டாள், ஒதுங்க இடம் வேண்டும் என்று. பூசத்துக்கு அவள் கிளம்பியபோது கால் நன்றாக இருந்தது. எனக்கு அதில் பெருமை இல்லாமல் இல்லை.

பூசத்தன்று மலை மேலிருந்து போன் செய்தாள். மூச்சு வாங்கியது. பின்னால் ஒரே அரோகரா. போனை அண்ணன் காதில் வையுங்கள் என்றாள். ஸ்பீக்கரில் போட்டு, நான் அவருக்கு எதிரே நின்று பிடித்தேன்.

"அண்ணே, வந்துட்டேன். மேல நிக்கிறேன். கூப்புடுண்ணே."

அவர் வாயைத் திறந்தார். உதடு இரண்டும் ஒட்டின. முகம் முழுக்கச் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து, ஒட்டிய உதடுகள் பிரிந்தன. பூரணத்தின் பெயருக்கு முதலில் அப்படித்தான் உதடு ஒட்ட வேண்டும். ஏதோ ஒன்று வரப்போகிறது என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. அப்போது அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அப்புறம் வாயை மூடிக்கொண்டார்.

நான் அங்கே நின்றிருக்கக் கூடாது. வேறு யாரையாவது போனைப் பிடிக்கச் சொல்லியிருக்க வேண்டும். அன்னக்கிளியைக் கூப்பிட்டிருக்கலாம். இதை நினைத்து நினைத்து...

"கூப்புட்டாரா மதினி?" என்று போனில் கேட்டுக்கொண்டே இருந்தாள். முயற்சி செய்தார் என்றேன். அது பொய்யில்லை.

திரும்பி வந்தவள் கால் கழுவவில்லை, பையை இறக்கவில்லை, அடுப்படி வாசலில் உட்கார்ந்துவிட்டாள்.

"என் வெரதத்துலதான் மதினி எங்கயோ கொறை. நானும் வழியெல்லாம் யோசிச்சுப் பாத்துட்டேன். நத்தத்துல மோர் குடுத்தாங்க, வேணாம்னுட்டேன். சுண்டல் குடுத்தாங்க, தொடலை. பல்பொடில உப்பு இருக்கும்னு செங்கல்பொடிதான் தேச்சேன். ஒண்ணே ஒண்ணுதான். வெயில்ல நடக்கையில வேர்வை வாயில எறங்குச்சு. நான் துப்பலை. முழுங்கிட்டேன். அது உப்புத்தானே மதினி?"

அவள் முகம் கறுத்து, உதடு வெடித்திருந்தது. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், படித்தவள் சொல்லட்டும் என்று. கூடத்தில் அவர் நாற்காலியைத் தட்டுகிற சத்தம் கேட்டது. நிறுத்தாமல் தட்டினார்.

"இருக்கும்" என்றேன்.

ஆமாம் அம்மா. அதைத்தான் சொன்னேன். வேறு என்ன சொல்வது? உன் காலுக்காக நான்தான் போட்டேன் என்று அப்போது சொன்னால் அவள் உடைந்துபோயிருப்பாள். அவளைக் காப்பாற்றத்தான் சொன்னேன். நீ ஜன்னலைப் பார்க்கிறாய். பார். கொட்டாம்பட்டி தாண்டிவிட்டோம், இனி நான் எழுந்து நிற்க வேண்டியதுதான். கால் எப்படி இருக்கிறது? எழுந்து குதிகாலை ஊன்றி நின்று பார். வீட்டுக்குப் போனதும் சுவரைத் தள்ள மறக்காதே.

அவரா? அடுத்த ஆடியில் இரண்டாவது தடவை வந்தது, போய்விட்டார். கடைசிவரை பேசவில்லை.

பூரணம் காரியம் முடிந்த கையோடு பழனிக்குப் போய்விட்டாள். அடிவாரத்தில் ஒரு மடத்தில் சமையலுக்கு உதவி செய்கிறாள், அங்கேயே ஒரு அறை கொடுத்திருக்கிறார்கள். வருஷத்துக்கு ஒரு தடவை நான் போய்ப் பார்ப்பேன். அண்ணன் கூப்பிடாமல் விரதத்தை எப்படி முடிப்பது என்கிறாள். அவளுக்கு வேண்டியதை அவளே தனியாகப் பொங்கிக்கொள்கிறாள். இன்றுவரை உப்பு சேர்ப்பதில்லை.